செட்டப் ஓடவில்லையா? விண்டோஸ் மென்பொருளைக் கடையில் கொண்டுபோய்ப் போடும்போது வரும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு மண்ணடி இரும்புக் கடைகள், பாரிமுனை கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ்கள், எம்.சி. ரோடு புடவைக் கடைகள், திருவொற்றியூர், மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டுகள் என்று மென்பொருள் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் போன் செய்து கேட்பதில் முக்கால்வாசி ஒரே கேள்விகள்தான். கிளையன்ட் பக்கத்திலேயே நின்று முறைத்துக்கொண்டிருக்கும்போது போனில் முழுசாக விளக்க முடியாது, அதனால் நிதானமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

என் லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது, கடையில் போட்டால் திறக்கவே மாட்டேன் என்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

உங்கள் லேப்டாப்பிலிருந்து ஆரம்பியுங்கள். புரோகிராம் எழுத விஷுவல் ஸ்டுடியோவைப் போட்டபோதே அது டாட்நெட் ரன்டைம், சி பிளஸ் பிளஸ் ரன்டைம் (புரோகிராம் ஓடத் தேவையான அடிப்படை ஃபைல்கள்), லோக்கல்டிபி (சின்ன டேட்டாபேஸ்), ஐஐஎஸ் எக்ஸ்பிரஸ் (சின்ன வெப் சர்வர்) என்று ஒரு மூட்டையையே உள்ளே இறக்கிவிட்டது. நீங்கள் அட்மினாக உட்கார்ந்திருக்கிறீர்கள், டேட்டாபேஸும் உங்கள் பெயரிலேயே திறக்கிறது. கடை சிஸ்டத்தில் இது எதுவும் கிடையாது. என் அனுபவத்தில் பிரச்சினை பெரும்பாலும் இந்த இரண்டு சிஸ்டத்துக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தில்தான் இருக்கும், கோடில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. விண்டோஸ் 10, 1903 பதிப்பிலிருந்து புரோ எடிஷனில் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் என்று ஒன்று வருகிறது (ஹோம் எடிஷனில் கிடையாது). விண்டோஸ் ஃபீச்சர்ஸில் போய் டிக் செய்து ரீஸ்டார்ட் செய்தால், ஒன்றுமே போடாத புத்தம்புது விண்டோஸ் ஒன்று ஒரு ஜன்னலுக்குள் திறக்கும், மூடினால் எல்லாம் அழிந்துவிடும். உங்கள் செட்டப்பை அதற்குள் போட்டு ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடாதது ராயபுரத்தில் ஓடாது.

1603 என்று வந்து நின்றுவிடுகிறது. கூகுளில் தேடினால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

ஏனென்றால் 1603 ஒரு காரணமே இல்லை. "உள்ளே ஏதோ பெரிதாகத் தவறிவிட்டது, செய்ததையெல்லாம் திருப்பி எடுத்துவிட்டேன்" என்று விண்டோஸ் இன்ஸ்டாலர் சொல்லும் பொதுவான எண் அது. காய்ச்சல் மாதிரி, ஏன் வந்தது என்று டெஸ்ட் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அந்த டெஸ்டுக்குப் பெயர் லாக், இன்ஸ்டாலில் நடந்ததை வரி வரியாக எழுதி வைக்கும் ஃபைல்.

போனில் நான் சொல்லும் முறையிலேயே எழுதுகிறேன். கமாண்ட் பிராம்ப்டை வலது கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். எம்எஸ்ஐஎக்ஸெக் என்று அடித்து ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ் ஐ, ஸ்பேஸ், உங்கள் எம்எஸ்ஐ ஃபைலின் (விண்டோஸ் இன்ஸ்டாலருக்கான செட்டப் ஃபைல்) முழுப் பாதை, ஸ்பேஸ், ஸ்லாஷ் எல், ஒட்டினாற்போல் நட்சத்திரக் குறி, அதோடு வி, ஸ்பேஸ், லாக் எங்கே எழுத வேண்டுமோ அந்த ஃபைல் பெயர். பாதையில் ஸ்பேஸ் இருந்தால் இரட்டை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். இன்ஸ்டால் தோற்றதும் அந்த லாக்கை நோட்பேடில் திறந்து, "ரிட்டர்ன் வேல்யூ 3" என்பதை ஆங்கிலத்தில் அடித்துத் தேடுங்கள். முதலில் அகப்படும் இடத்துக்கு மேலே பத்து இருபது வரி படியுங்கள். அங்கேதான் உண்மை இருக்கும். லாக் பல ஆயிரம் வரி இருக்கும், பயப்பட வேண்டாம், நமக்கு வேண்டியது அந்த இருபது வரிதான்.

பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீஸில் இப்படித்தான் ஆனது. டி டிரைவில் ஒரு ஃபோல்டரில் இன்ஸ்டால் செய்யச் சொன்னார்கள், மூன்று முறை செய்தும் 1603. நாங்கள் அட்மினாகத்தான் இருந்தோம், அந்த ஃபோல்டரில் கையால் ஃபைல் போட்டால் போகவும் செய்தது. லாக்கில் ரிட்டர்ன் வேல்யூ 3-க்கு மேலே 1303 என்று ஒரு எண், பக்கத்திலேயே அந்த ஃபோல்டரின் பெயர், அதைத் தொட எனக்கு அனுமதி இல்லை என்ற வாக்கியம். ஃபோல்டரின் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்து பார்த்தால், முன்னால் யாரோ பாதுகாப்புக்காக என்று ஒவ்வொரு பெயராக நீக்கியதில் சிஸ்டம் என்ற கணக்கையும் சேர்த்து நீக்கியிருக்கிறார்கள். விண்டோஸ் இன்ஸ்டாலர் உங்கள் பெயரில் ஃபைலை எழுதுவதில்லை, அந்த சிஸ்டம் கணக்கில்தான் எழுதுகிறது. அதைச் சேர்த்து ஃபுல் கன்ட்ரோல் கொடுத்ததும் இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. லாக் இல்லாமல் இதை ஊகித்திருக்கவே முடியாது.

செட்டப் எம்எஸ்ஐ ஆக இல்லாமல் எக்ஸ்இ ஆக இருந்தால் வழி வேறு. இன்னோ செட்டப் என்ற கருவியில் செய்ததாக இருந்தால் ஸ்லாஷ் லாக் என்று கொடுத்தால் போதும். விக்ஸ் என்ற கருவியை வைத்துப் பல செட்டப்களை ஒன்றாகக் கட்டிய பண்டில் என்றால் டெம்ப் ஃபோல்டரில் தானாகவே லாக் விட்டுச் சென்றிருக்கும்.

மற்ற எண்கள்? 1618, 1619, 3010 என்றெல்லாம் வருகிறதே?

1618: இன்னொரு இன்ஸ்டாலேஷன் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்தான். பொறுங்கள், அல்லது ரீஸ்டார்ட் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரில் போய் அதைக் கொல்லாதீர்கள்.

1619: எம்எஸ்ஐ ஃபைலையே திறக்க முடியவில்லை. ஜிப்பைப் பிரிக்காமல் உள்ளேயிருந்தே ஓட்டியிருப்பீர்கள், அல்லது இசட் டிரைவ் மாதிரி மேப் செய்த நெட்வொர்க் டிரைவிலிருந்து ஓட்டியிருப்பீர்கள். அட்மினாக ஓடும் ஜன்னலுக்கு உங்கள் மேப் டிரைவ் தெரியாது. ஃபைலை சி டிரைவுக்கு காப்பி செய்துவிட்டு ஓட்டுங்கள்.

1625: பாலிசி தடுக்கிறது, அந்த ஆபீஸின் ஐடி ஆளிடம் கேளுங்கள். 1638: இதே புராடக்டின் வேறு பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது, சி பிளஸ் பிளஸ் ரன்டைம் போடும்போது இது வந்தால் இதைவிடப் புதியது உள்ளே இருக்கிறது என்று அர்த்தம், மேலே போகலாம். 3010 என்றால் தோல்வியே இல்லை, வேலை முடிந்தது, ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி. இதைத் தோல்வி என்று நினைத்து அன்-இன்ஸ்டால் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டாட்நெட் போட்டாயிற்று. அப்படியும் "டாட்நெட் போடு" என்றே கேட்கிறது.

எந்த டாட்நெட் போட்டீர்கள் என்பதுதான் கேள்வி. ஒரே பெயரில் இரண்டு குடும்பம் இருக்கிறது. பழையது டாட்நெட் ஃபிரேம்வொர்க். அதில் 4.8 விண்டோஸ் 10, 1903 முதல் கூடவே வருகிறது, போட வேண்டியதில்லை. 3.5 மட்டும் கூட வராது, விண்டோஸ் ஃபீச்சர்ஸில் டிக் செய்ய வேண்டும், அப்போது அது இன்டர்நெட்டில் இருந்து இறக்கும். நெட் இல்லாத யார்டு கேட் சிஸ்டத்தில் அது நடக்காது. அந்த விண்டோஸின் அதே பதிப்பு ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் டிஸ்க் முழுவதும் அடங்கிய ஃபைல்) பென் டிரைவில் கொண்டுபோய், அதற்குள் சோர்சஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரை டிஸ்ம் என்ற விண்டோஸ் கமாண்டுக்குக் காட்டினால் ஏறிவிடும். பதிப்பு மாறினால் ஏறாது.

புதிய குடும்பம் வெறும் டாட்நெட் 6, 8 என்று எண்ணோடு வருவது. இதில் ரன்டைமே மூன்று வகை: சாதா ரன்டைம், டெஸ்க்டாப் ரன்டைம், ஏஎஸ்பி டாட்நெட் கோர் ரன்டைம். வின்ஃபார்ம்ஸ், டபிள்யூபிஎஃப் (ஜன்னல் திறந்து ஓடும் டெஸ்க்டாப் புரோகிராம் வகைகள்) என்றால் டெஸ்க்டாப் ரன்டைம்தான் வேண்டும், சாதா ரன்டைம் போட்டால் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அதிலும் எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) தனித்தனி. 8-க்கு எழுதியது 9 இருந்தால் ஓடிவிடும் என்று நினைக்காதீர்கள், முதல் எண் மாறினால் தானாக ஏற்றுக்கொள்ளாது, அதற்குத் தனியாக செட்டிங் கொடுக்க வேண்டும். 6-க்கு மைக்ரோசாப்ட் ஆதரவு 2024 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. விண்டோஸ் 7 வைத்திருக்கும் கடை என்றால் டாட்நெட் 7-லிருந்து மேலே எதுவும் அங்கே ஆதரவில் இல்லை, 4.8 ஃபிரேம்வொர்க்குக்கு எழுதுங்கள், அல்லது சிஸ்டத்தை மாற்றச் சொல்லுங்கள்.

என் வழக்கம் என்னவென்றால், சின்னக் கடைக்குப் போகும் மென்பொருளை செல்ஃப் கன்டெய்ன்ட் ஆகவே பப்ளிஷ் செய்துவிடுவேன். ரன்டைமும் கூடவே போய்விடும், அளவு கொஞ்சம் பெரிதாகும், ஆனால் அங்கே போய் எதையும் தேட வேண்டாம். கடையில் யாருக்கும் ரன்டைம் என்றால் என்ன என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

ஆக்ஸஸ் டேட்டாபேஸ், கிரிஸ்டல் ரிப்போர்ட் இரண்டும் புது சிஸ்டத்தில் எரர் அடிக்கின்றன.

32 பிட், 64 பிட் சண்டை. உங்கள் புரோகிராம் எந்த பிட்டில் ஓடுகிறதோ அதே பிட்டில்தான் அது கூப்பிடும் டிரைவரும் இருக்க வேண்டும். "ஏஸ் ஓஎல்இடிபி 12.0 புரோவைடர் ரெஜிஸ்டர் ஆகவில்லை" என்று வந்தால், ஆக்ஸஸ் ஃபைலைத் திறக்கும் டிரைவரே இல்லை அல்லது எதிர் பிட்டில் இருக்கிறது. பழைய ஜெட் 4.0 டிரைவர் என்றால் 32 பிட் மட்டும்தான், 64 பிட்டில் அப்படி ஒன்று வரவே இல்லை. "எனி சிபியு" என்று பில்டு செய்த புரோகிராம் 64 பிட் விண்டோஸில் 64 ஆக ஓடப் பார்க்கும், டிரைவர் 32 என்றால் அங்கேயே விழும். பில்டை எக்ஸ்86 என்று மாற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ரிப்போர்ட் அச்சடிக்கும் கிரிஸ்டல் ரன்டைமுக்கும் இதே கணக்குதான், 32 பிட் புரோகிராம் என்றால் 32 பிட் ரன்டைம் எம்எஸ்ஐ. வெப் அப்ளிகேஷன் என்றால் ஐஐஎஸ் (விண்டோஸின் வெப் சர்வர்) ஆப் பூலின் (அப்ளிகேஷன் ஓடும் தனி அறை மாதிரி) அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் "எனேபிள் 32 பிட்" என்பதை ட்ரூ ஆக்குங்கள்.

அண்ணா, ஒரே சிஸ்டம், ஒரே மென்பொருள். முதலாளி திறந்தால் ஒரு பில் லிஸ்ட், கணக்குப் பிள்ளை திறந்தால் வேறு பில் லிஸ்ட். வைரஸா?

வைரஸ் இல்லை. எம்.சி. ரோடில் ஒரு புடவைக் கடையில் நானே இதில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். விஷுவல் பேசிக் 6-ல் எழுதிய பழைய பில்லிங், எம்டிபி ஃபைல் (ஆக்ஸஸ் டேட்டாபேஸ்) புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே இருந்தது. பகலில் கணக்குப் பிள்ளை தன் விண்டோஸ் லாகினில் பில் போடுவார், ராத்திரி கடை அடைக்கும்போது முதலாளி தன் லாகினில் திறந்து பார்ப்பார். அவருக்கு அன்றைய பில் ஒன்றுகூடத் தெரியாது. கணக்குப் பிள்ளை மேல் சந்தேகமே வந்துவிட்டது, அந்த மனிதர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நடந்தது இதுதான். விஸ்டாவிலிருந்து சாதாரண யூசர் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முடியாது. பழைய 32 பிட் புரோகிராம்கள் செத்துவிடக் கூடாதே என்று, அவை எழுதப் போனால் விண்டோஸ் அந்த ஃபைலை சத்தமில்லாமல் அந்த யூசரின் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குள் காப்பி எடுத்து அங்கே எழுத விடுகிறது. ஆளுக்கொரு காப்பி! இருவரின் விர்ச்சுவல்ஸ்டோரிலும் போய்ப் பார்த்தேன், இரண்டு எம்டிபி, இரண்டும் அன்றைய தேதியில். கணக்குப் பிள்ளையின் ஃபைலில் எல்லா பில்லும் பைசா சுத்தமாக இருந்தது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

தீர்வு: டேட்டா எதையும் புரோகிராம் ஃபைல்ஸில் வைக்காதீர்கள். புரோகிராம்டேட்டாவுக்குள் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்கு யூசர்ஸ் குழுவுக்கு மாடிஃபை பெர்மிஷன், இரண்டையும் செட்டப்பே செய்ய வேண்டும். பெர்மிஷனை மறந்தால் ஒருவர் உருவாக்கிய ஃபைலை இன்னொருவர் மாற்ற முடியாது. ஏற்கெனவே பிரிந்துவிட்ட கடையில், எதையும் அன்-இன்ஸ்டால் செய்வதற்கு முன் எல்லா யூசரின் விர்ச்சுவல்ஸ்டோரையும் காப்பி எடுத்து வையுங்கள். "ரன் ஆஸ் அட்மின்" போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள், அப்படிச் செய்தால் மூன்றாவதாக ஒரு பழைய ஃபைல் திறந்து குழப்பம் இன்னும் கூடும்.

புது வெர்ஷன் போட்டேன், திறந்தால் பழையதே வருகிறது.

எம்எஸ்ஐ வெர்ஷன் எண்ணில் முதல் மூன்றை மட்டும்தான் பார்க்கும். 1.0.0.5-ஐ 1.0.0.6 ஆக்கினால் அதற்கு இரண்டும் ஒன்றே. மூன்றாவது எண்ணையாவது கூட்டுங்கள். வெர்ஷனை மாற்றும்போது புராடக்ட் கோடையும் மாற்றட்டுமா என்று விஷுவல் ஸ்டுடியோ கேட்கும், ஆமாம் என்று சொல்லுங்கள். அப்கிரேடு கோடை மட்டும் ஆயுசுக்கும் தொடாதீர்கள், பழையதும் புதியதும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று விண்டோஸுக்குத் தெரிவது அதை வைத்துத்தான். ரிமூவ் பிரீவியஸ் வெர்ஷன்ஸ் என்பது ட்ரூவாக இருக்கட்டும்.

இன்னொன்று, ஃபைல் வெர்ஷன். டிஎல்எல்லின் (புரோகிராமின் துணை ஃபைல்) ஃபைல் வெர்ஷன் கூடியிருந்தால்தான் இன்ஸ்டாலர் பழையதன் மேல் எழுதும். எக்ஸ்எம்எல், கான்ஃபிக் போன்ற வெர்ஷன் இல்லாத ஃபைல்களில், உருவான தேதிக்குப் பிறகு யாராவது திருத்தியிருந்தால் "இது யூசர் மாற்றியது" என்று அப்படியே விட்டுவிடும். கஸ்டமரின் செட்டிங்ஸ் பிழைப்பது இதனால்தான், உங்கள் புது கான்ஃபிக் ஏறாமல் போவதும் இதனால்தான்.

கன்ட்ரோல் பேனலில் ஒரே பெயர் இரண்டு தடவை தெரிந்தால், ஒரு முறை "ஜஸ்ட் மீ" என்றும் அடுத்த முறை "எவ்ரிஒன்" என்றும் போட்டிருக்கிறீர்கள். ஒன்று மற்றதைப் பார்க்காது. இரண்டையும் எடுத்துவிட்டு எவ்ரிஒன் என்றே போடுங்கள்.

நீலத் திரை வந்து "விண்டோஸ் உங்கள் பிசியைப் பாதுகாத்தது" என்கிறது, ஆன்டிவைரஸ் எக்ஸ்இயைத் தின்றுவிடுகிறது.

உங்கள் செட்டப்பில் கையெழுத்து இல்லை, அதனால் யார் செய்தது என்று விண்டோஸுக்குத் தெரியவில்லை. கோடு சைனிங் சர்டிஃபிகேட் வாங்க வேண்டும். 2023 ஜூன் முதல் அதன் சாவியை ஃபைலாகத் தருவதில்லை, யுஎஸ்பி டோக்கன் போன்ற ஹார்டுவேரில்தான் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும்போது டைம்ஸ்டாம்ப்பையும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் சர்டிஃபிகேட் காலாவதியானதும் பழைய செட்டப்பும் செல்லாமல் போகும். கையெழுத்துப் போட்டாலும் புது ஃபைலுக்குக் கொஞ்ச நாள் அந்தத் திரை வரலாம்.

மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த ஜிப் என்றால், பிரிப்பதற்கு முன் பிராப்பர்டீஸில் அன்பிளாக் டிக் செய்யுங்கள். பிரித்த பிறகு செய்தால் ஒவ்வொரு டிஎல்எல்லுக்கும் தனியாகச் செய்ய வேண்டும். ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுப் போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அந்தக் கடையின் முழுக் கணக்கும் அந்த ஒரு சிஸ்டத்தில் இருக்கிறது. ஆன்டிவைரஸ் கம்பெனிக்கே ஃபைலை அனுப்பித் தவறான எச்சரிக்கை என்று தெரிவிக்கலாம், அதற்கென்றே பக்கம் வைத்திருக்கிறார்கள்.

பில்லில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக வருகின்றன. தேதியும் தலைகீழாக இருக்கிறது.

விண்டோஸ் 7 வரை லதா ஃபான்ட் தானாக இருந்தது. விண்டோஸ் 10-லிருந்து லதாவும் விஜயாவும் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்று தனியாகப் போய்விட்டன. அதைச் சேருங்கள், அல்லது ரிப்போர்ட்டில் நிர்மலா யுஐ என்று மாற்றிவிடுங்கள், விண்டோஸ் 10-லிருந்து அது எப்போதும் இருக்கும்.

யூனிகோடு அல்லாத பழைய ஃபான்ட்களில் அச்சடிக்கும் கடைகளில் இன்னொரு சிக்கல். விண்டோஸ் 10, 1809-லிருந்து ஃபான்ட் ஃபைலை வலது கிளிக் செய்து வெறும் இன்ஸ்டால் கொடுத்தால் அந்த ஒரு யூசருக்கு மட்டும்தான் ஏறும். அடுத்த ஷிப்ட் ஆள் வேறு லாகினில் வந்தால் கட்டம்தான், சர்வீஸோ ஐஐஎஸ்ஸோ அச்சடித்தாலும் கட்டம்தான். "இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்" கொடுங்கள்.

தேதி: புது சிஸ்டத்தில் ரீஜன் யுஎஸ் என்று இருக்கும், ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும். 13-ம் தேதியிலிருந்துதான் எரர் வரும், அதுவரை தப்பான தேதி அமைதியாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும், அதுதான் இதில் பயங்கரம். ரீஜனை இந்தியா என்று மாற்றினால் இன்றைக்குத் தப்பிக்கலாம். நிரந்தரத் தீர்வு கோடில்தான்: டேட்டாபேஸுக்குத் தேதியை எழுத்தாக ஒட்டி அனுப்பாமல் பாராமீட்டராக அனுப்புங்கள். வெப் என்றால் கல்ச்சரை (தேதி, எண் எழுதும் முறை) கோடிலோ கான்ஃபிக்கிலோ நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஐஐஎஸ்ஸில் வெப் அப்ளிகேஷன் போட்டேன். 500.19, 500.30, 503 என்று மாறி மாறி வருகிறது.

முதலில், வேறு சிஸ்டத்திலிருந்து பார்க்காதீர்கள். சர்வரிலேயே உட்கார்ந்து லோக்கல்ஹோஸ்ட் என்று திறந்தால்தான் முழு விவரம் காட்டும்.

500.19 என்றால் வெப்.கான்ஃபிக்கை ஐஐஎஸ்ஸால் படிக்க முடியவில்லை. படிக்க அனுமதி இல்லை, அல்லது அதில் எழுதியிருக்கும் ஒரு மாட்யூல் அந்த சர்வரில் இல்லை. யுஆர்எல் ரீரைட் (வெப் முகவரியை மாற்றும் மாட்யூல்) இல்லாமல் ரீரைட் விதி எழுதியிருந்தால் இதுதான் வரும். டாட்நெட் கோர் அப்ளிகேஷனுக்கு ஹோஸ்டிங் பண்டில் (ரன்டைமும் ஐஐஎஸ் மாட்யூலும் சேர்ந்த செட்டப்) போடாமல் விட்டாலும் இதுதான். பண்டிலை முதலில் போட்டுவிட்டு ஐஐஎஸ்ஸைப் பிறகு ஆன் செய்திருந்தால் மாட்யூல் ஏறியிருக்காது, பண்டிலை மறுபடி ஓட்டி ரிப்பேர் கொடுங்கள், பிறகு ஐஐஎஸ்ஸை நிறுத்திக் கிளப்புங்கள்.

500.31 வந்தால் வேண்டிய ரன்டைம் பதிப்பு இல்லை, 500.32 வந்தால் பிட் மாறியிருக்கிறது. 500.30 வந்தால் அப்ளிகேஷன் கிளம்பி, தானே விழுந்துவிட்டது. காரணம் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியில் இருக்கும். அங்கேயும் புரியவில்லையா, கமாண்ட் பிராம்ப்டில் அந்த ஃபோல்டருக்குப் போய் எக்ஸ்இயை நேரடியாக ஓட்டுங்கள், எரர் முழுசாகக் கண் முன்னால் கொட்டும். பெரும்பாலும் டேட்டாபேஸ் இணைப்புதான். அப்படிக் கையால் ஓட்டும்போது ஓடி, ஐஐஎஸ்ஸில் மட்டும் விழுந்தால், இரண்டுக்கும் யூசர் வேறு என்பதை நினைவில் வையுங்கள். ஐஐஎஸ்ஸில் ஆப் பூலுக்கென்று தனிக் கணக்கு உண்டு, "ஐஐஎஸ் ஆப்பூல்" என்று ஆரம்பித்து பின்சாய்வுக் கோட்டுக்குப் பிறகு பூலின் பெயர். எஸ்க்யூஎல் சர்வரில் அந்தப் பெயருக்கு லாகினும், எழுத வேண்டிய ஃபோல்டரில் பெர்மிஷனும் கொடுக்க வேண்டும். அந்தப் பெயர் தேடினால் கிடைக்காது, லொகேஷனை அந்த சிஸ்டத்தின் பெயருக்கு மாற்றிவிட்டுக் கையால் முழுசாக அடியுங்கள்.

503 என்றால் ஆப் பூல் நின்றுவிட்டது. 5 நிமிஷத்தில் 5 முறை விழுந்தால் ஐஐஎஸ் தானே பூட்டிவிடும். காரணத்தைச் சரிசெய்யாமல் ஸ்டார்ட் மட்டும் கொடுத்தால் மறுபடி பூட்டும்.

அப்டேட் காப்பி செய்யப் போனால் "ஃபைல் பயன்பாட்டில் உள்ளது" என்கிறது.

டாட்நெட் கோர் அப்ளிகேஷன் என்றால், அதன் ஃபோல்டரில் ஆப்_ஆஃப்லைன் என்ற பெயரில் ஒரு ஹெச்டிஎம் ஃபைலைப் போடுங்கள். அப்ளிகேஷன் தானாக இறங்கி டிஎல்எல்களை விட்டுவிடும், அதுவரை திறப்பவர்களுக்கு அந்த ஃபைலில் நீங்கள் எழுதியது தெரியும், "பத்து நிமிஷத்தில் வந்துவிடும்" என்று தமிழிலேயே எழுதி வையுங்கள். காப்பி முடிந்ததும் அழித்துவிடுங்கள். பழைய ஃபோல்டரை முழுசாக வேறு பெயரில் எடுத்து வைக்காமல் காப்பி செய்யவே செய்யாதீர்கள், சர்வரில் இருக்கும் கனெக்‌ஷன் ஸ்டிரிங்கின் (டேட்டாபேஸ் எங்கே என்று சொல்லும் வரி) மேல் உங்கள் லேப்டாப்பின் ஸ்டிரிங் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சர்வரில் ஓடுகிறது, மற்ற சிஸ்டங்களில் இருந்து டேட்டாபேஸ் கிடைக்கவில்லை. எரர் 26.

எஸ்க்யூஎல் எக்ஸ்பிரஸில் டிசிபி/ஐபி ஆரம்பத்தில் ஆஃப் ஆகத்தான் வரும். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் ஆன் செய்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். போர்ட் 1433 என்று நிலையாக வைத்து ஃபயர்வாலில் திறங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுவதாக இருந்தால் எஸ்க்யூஎல் பிரவுசர் சர்வீஸ் ஓட வேண்டும், அதற்கு யுடிபி 1434. நெட்வொர்க் பப்ளிக் என்று இருந்தால் பிரைவேட் ஆக்குங்கள்.

விண்டோஸ் 11 உள்ள புது சிஸ்டத்தில் எஸ்க்யூஎல் சர்வரே ஏறாமல், கடைசி நொடியில் "ரெகவரி ஹேண்டில்" என்று சொல்லித் தோற்றால், அது டிஸ்க் செக்டர் அளவுப் பிரச்சினையாக இருக்கலாம். எஃப்எஸ்யூடில் கமாண்டில் செக்டர் இன்ஃபோ பாருங்கள், பிசிக்கல் அளவு 4096-க்கு மேல் இருந்தால் அதுதான். ரெஜிஸ்ட்ரியில் என்விஎம்இ (ஒரு வகை எஸ்எஸ்டி) டிரைவருக்கு 4 கேபி என்று கட்டாயப்படுத்தும் ஒரு மதிப்பு சேர்க்க வேண்டும், மைக்ரோசாப்ட் தன் உதவிப் பக்கத்திலேயே அதைக் கொடுத்திருக்கிறது, எழுத்துக்கு எழுத்து அப்படியே போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கரன்ட் போய் வந்தால் எங்கள் விண்டோஸ் சர்வீஸ் கிளம்புவதில்லை.

சிஸ்டம் ஏறும்போது உங்கள் சர்வீஸ் எஸ்க்யூஎல்லுக்கு முன்னால் எழுந்து, டேட்டாபேஸ் கிடைக்காமல் விழுகிறது. ஆட்டோமேட்டிக் டிலேய்டு ஸ்டார்ட் கொடுங்கள், அல்லது எஸ்க்யூஎல்லைச் சார்ந்தது என்று பதிவு செய்யுங்கள், ரெகவரி பக்கத்தில் மூன்று முறையும் ரீஸ்டார்ட் என்று வையுங்கள். 30 நொடிக்குள் கிளம்பிவிட்டேன் என்று சொல்லாவிட்டால் விண்டோஸ் 1053 காட்டும், அதனால் கனமான வேலையை ஸ்டார்ட்டுக்குள் வைக்காமல் தனி த்ரெட்டில் தள்ளுங்கள். இன்ஸ்டால் நேரத்தில் வரும் 1920-ம் இதே குடும்பம்தான், பிரிவிலேஜ் இல்லை என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் ரன்டைமோ டிஎல்எல்லோ இல்லாததுதான் காரணம்.

சி டிரைவ் நிறைந்துவிட்டது. விண்டோஸுக்குள் இன்ஸ்டாலர் என்ற ஃபோல்டர் பல ஜிபி இருக்கிறது, அழிக்கலாமா?

கூடாது. நீங்கள் போட்ட ஒவ்வொரு எம்எஸ்ஐயின் நகலும் அதற்குள்தான் இருக்கிறது. அழித்துவிட்டால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஆறு மாசம் கழித்து ரிப்பேரோ அப்டேட்டோ அன்-இன்ஸ்டாலோ செய்யும்போது 1612, 1706 என்று சோர்ஸ் கேட்டு நிற்கும்.

கிளையன்ட் இடத்துக்குப் போகும்போது பையில் என்னென்ன வேண்டும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு தண்ணீர் வடிந்த ஆபீஸ்களில் ஒரே வாரத்தில் பல சிஸ்டங்களைப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. டேட்டா பேக்கப் இருந்தது, ஆனால் அந்தக் கடையில் ஓடிக்கொண்டிருந்த அதே வெர்ஷன் செட்டப் பல இடங்களில் இல்லை. நெட்டும் ஒழுங்காக இல்லை. அன்றிலிருந்து கடைக்கு ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன், இரண்டு பென் டிரைவில்: கடைசியாகப் போட்ட செட்டப், அதற்கு முந்தையது, டாட்நெட் ரன்டைம்கள் இரண்டு பிட்டிலும் ஆஃப்லைன் இன்ஸ்டாலராக, கிரிஸ்டல், ஆக்ஸஸ் டிரைவர், எஸ்க்யூஎல் எக்ஸ்பிரஸ், ஃபான்ட்கள், பிரிண்டர் டிரைவர், பிறகு ஒரு நோட்பேட் ஃபைல். அதில் எந்தத் தேதியில் எந்த சிஸ்டத்தில் எந்த வெர்ஷன் போட்டேன், டேட்டா எந்த ஃபோல்டர், எந்த போர்ட், என்ன எரர் வந்தது, எதைச் செய்ததும் சரியானது என்று தமிழிலேயே எழுதி வைக்கிறேன். பாஸ்வேர்டு மட்டும் அதில் எழுதுவதில்லை, அதை முதலாளியின் நோட்டில் அவர் கையாலேயே எழுதச் சொல்லிவிடுகிறேன்.